கோமுகி நீர் எங்கே போகிறது?

கல்வராயன் மலையில் இரவெல்லாம் மழை அடித்தால், மறுநாள் கச்சிராயபாளையம் பக்கத்தில் இருக்கும் கோமுகி அணையின் நீர்மட்டம் ஏறியிருக்கும். அணையின் முழு உயரம் 46 அடி. நிரம்பினால் கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. செய்தித்தாளில் இந்த எண்ணைப் படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. லிட்டரில் சொன்னால் சுமார் 1,580 கோடி லிட்டர்.

இந்த நீர் முழுவதையும் வீடுகளுக்கே கொடுத்தால் எத்தனை நாள் வரும்? 2019ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிப் பகுதியில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 13.7 லட்சம் பேர் வசித்தார்கள். கிராமத்து வீடுகளில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தருவது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்துத்தான் இந்த 55. அந்தக் கணக்கில், ஒருமுறை நிரம்பிய கோமுகி மாவட்டம் முழுவதற்கும் ஏழு மாதம் போதும்.

அதே நீரைக் கரும்புக்குத் திருப்பிப் பார்ப்போம். மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நட்டதிலிருந்து வெட்டும்வரை கரும்புக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு. நடுவே 1,800 என்று எடுத்துக்கொண்டால் ஏக்கருக்கு 73 லட்சம் லிட்டர். மழை ஒரு துளியும் உதவாது என்று வைத்தால், நிரம்பிய கோமுகி ஏறக்குறைய 2,200 ஏக்கர் கரும்பை ஒரு போகம் வளர்க்கும். அவ்வளவுதான். அணையை நம்பியிருக்கும் ஆயக்கட்டோ பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல்.

ஆளுக்கு 55 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 20,000 லிட்டர். ஆக, ஓர் ஏக்கர் கரும்பு குடிப்பதும் 360 பேர் ஓராண்டு முழுக்க வீட்டில் புழங்குவதும் ஒரே அளவு. கரும்பின் பங்கில் ஒரு பகுதியை மழை நேராகவே கொடுத்துவிடும் என்பதைக் கழித்தாலும் இருநூறு பேருக்குக் குறையாது.

ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தவுடன் அறிவுரை வந்து சேருமிடம் வீடு. பல் துலக்கும்போது குழாயை மூடு, வாசலுக்குக் குறைவாகத் தெளி, துணியை இரண்டு அலசலில் முடி. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்ணிடமே போய்ச் சிக்கனம் பேசுகிறோம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023 மதிப்பீட்டில், இந்தியாவில் நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீரில் 87 விழுக்காடு பாசனத்துக்குப் போகிறது. தொழிற்சாலைகளுக்கு 2. வீடுகளுக்கு 11. நாடெங்கும் வீட்டு உபயோகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் மொத்தத்தில் மிச்சமாவது ஐந்தரை விழுக்காடுதான்.

அந்த 11 விழுக்காட்டிலும் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. வீட்டுக்குள் வரும் நீரில் எவ்வளவு உண்மையில் தீர்ந்துபோகிறது? நகரங்களுக்குக் கழிவுநீர்க் குழாய் வடிவமைக்கும் பொறியாளர்கள், குழாயில் வரும் நீரில் 80 விழுக்காடு சாக்கடைக்குத் திரும்பிவிடும் என்று வைத்துத்தான் குழாயின் விட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். குளித்த நீர் அழுக்காகிறது, ஆனால் இருக்கிறது. பாத்திரம் கழுவிய நீர் கொல்லைப்புற வாழைக்குப் போகிறது, மீதி மண்ணுக்குள் இறங்குகிறது. நீரியலில் இதற்கென்றே இரண்டு சொற்கள் உண்டு. எடுத்துப் பயன்படுத்துவது ‘எடுப்பு’. திரும்ப வராதபடி ஆவியாகிவிடுவது ‘நுகர்வு’. வீடு நிறைய எடுத்துக் கொஞ்சமே நுகர்கிறது. வயலில் வேருக்குள் ஏறிய நீரோ ஏறக்குறைய முழுவதும் வானத்துக்குப் போய்விடுகிறது. அது எங்கேயோ மழையாகப் பெய்யும். மூங்கில்துறைப்பட்டிலோ சின்னசேலத்திலோ பெய்யும் என்பதற்கு உறுதி இல்லை.

ஏன் அவ்வளவும் வானத்துக்குப் போக வேண்டும்? விடை இலையில் இருக்கிறது. இலைப்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு வாய்கள் உண்டு. அவற்றுக்கு இலைத்துளை என்று பெயர். செடி அவற்றைத் திறப்பது நீரை விடுவதற்காக இல்லை, காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடிப்பதற்காக. காற்றின் பத்தாயிரம் மூலக்கூறுகளில் கரியமில வாயு சுமார் நான்குதான். அந்த நான்கைத் தேடி வாயைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? ஈரத்தில் ஊறிய காற்று. முப்பது டிகிரி வெயிலில் அதில் பத்தாயிரத்துக்கு நானூறுக்கும் மேல் நீர் மூலக்கூறுகள். உள்ளே வருவது நான்கு, வெளியே போகக் காத்திருப்பது நானூறு. வெளிக்காற்றிலும் ஈரம் இருப்பதால் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் இந்தப் பேரத்தில் செடிக்கு எப்போதும் நட்டம்தான். நெல் ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்க நானூறு, ஐந்நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. ஒரு நெல்மணியின் எடை முழுவதும் இந்தப் பேரத்தில் வாங்கியதுதான்.

இனி வருவதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த திருப்பம். தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் பயிர் என்று எல்லாரும் பழிக்கும் கரும்பு, ஒரு கிலோ உடம்பு வளர்க்க எவ்வளவு நீர் செலவு என்று பார்த்தால், பெரிய சிக்கனக்காரி! பெரும்பாலான செடிகள் கரியமில வாயுவைப் பிடித்ததும் முதலில் மூன்று கரிம அணுக்கள் கொண்ட பொருளைச் செய்கின்றன. கரும்போ நான்கு கரிம அணுக்கள் கொண்ட பொருளைச் செய்து, அதை இலையின் உள்ளறைக்கு அனுப்பி, அங்கே வாயுவை அடர்த்தியாகச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் இலைத்துளையைக் குறைவாகத் திறந்தாலே போதும். ஒரு மூலக்கூறைப் பிடிக்க நெல் இழக்கும் நீரில் பாதிதான் இதற்குச் செலவு. இந்தப் பாதைக்கு ‘சி4’ என்று பெயர். 1966ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹால் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் என்ற இருவரும் இதைத் தெளிவாக நிறுவினார்கள். அவர்கள் ஆராய்ந்த செடி கரும்பேதான். சோளம், மக்காச்சோளம், கம்பு, தினை எல்லாம் இதே குடும்பத்துத் தந்திரம் தெரிந்தவை.

பிறகு ஏன் 73 லட்சம் லிட்டர்? கரும்பு பத்து, பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கிறது. சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கிறது. ஏக்கருக்கு நாற்பது டன் விளைகிறது. 1912ல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்திலிருந்து வந்த ரகங்கள்தான் இந்த விளைச்சலுக்கு அடித்தளம். தமிழகத்தில் வெகுகாலம் பெரும் பரப்பில் நின்ற கோ 86032 அவற்றில் ஒன்று. சிக்கனமாகக் குடிக்கும் செடியே ஆனாலும், அவ்வளவு பெரிதாக, அவ்வளவு நாள் வளர்ந்தால் மொத்தச் செலவு ஏறத்தான் செய்யும். பழியைச் செடியின் மேல் போடவும் வழியில்லை.

இந்தக் கணக்கைச் சமையலறைவரை கொண்டுவந்து விடலாம். பத்து கிலோ கரும்புக்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை. ஒரு கிலோ சர்க்கரைக்குப் பின்னால் சுமார் 2,000 லிட்டர் நீர். தேநீரில் போடும் ஒரு கரண்டி, ஐந்து கிராம் என்றால், பத்து லிட்டர். இரண்டு கரண்டி போட்டால் காலையில் குளித்த வாளி முழுவதும் அதில் கரைந்திருக்கிறது. இப்படிப் பொருளுக்குள் ஒளிந்து பயணம் செய்யும் நீரை ‘மறைநீர்’ என்கிறோம். 1990களில் லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் முன்வைத்த கருத்து இது. அதற்காக 2008ல் அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆலைகளிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு சர்க்கரை மூட்டையும், எங்கே பிரிக்கப்பட்டாலும், கல்வராயன் மழையில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது.

மேலே நடக்கும் கதை இது. கீழே, பாறைக்குள், இன்னொன்று நடக்கிறது. அது இன்னும் வியப்பு.

கல்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கரும்பாறை. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பக்கத்துப் பாறையில் வெட்டியது. அந்தக் கல்லை வைத்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தார். ஏற்காடும் கொல்லிமலையும் பச்சைமலையும் இதே இனம். நிலத்தடி நீரை மதிப்பிட அரசு வகுத்த 1997ஆம் ஆண்டு நெறிமுறையில் பாறைக்குப் பாறை ஓர் எண் தரப்பட்டிருக்கிறது. பெய்த மழையில் நூற்றுக்கு எத்தனை பங்கு நிலத்துக்குள் இறங்கும் என்பது அந்த எண். கங்கைச் சமவெளி வண்டலில் 22. தேய்ந்து பொடிந்த பட்டைப் பாறை நிலத்தில் 8 முதல் 11. சார்னோகைட்டில் 5! மலைமேல் நூறு துளி விழுந்தால் உள்ளே இறங்குவது ஐந்து. மீதியில் பெரும்பங்கை மரமும் காற்றும் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது ஓடையாகி மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் விழுந்து, கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் கீழே இறங்கி, கடைசியில் வெள்ளாற்றோடு பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போகிறது.

மலைமேல் நீர் பிறக்கிறது, ஆனால் தங்குவதில்லை. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, பாறைமேல் படிந்திருக்கும் மெல்லிய மண்ணும் அதன் அடியில் கசியும் ஊற்றும்தான் சேமிப்பு. அது கோடையில் சுருங்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு 55 லிட்டர் வீதம், நாளொன்றுக்கு 275 கிலோ எடை. 15 லிட்டர் குடத்தில் பதினெட்டு நடை. ஊற்றிலிருந்து மேட்டில் சுமந்து வரும் வீட்டில் அத்தனை குடம் வருவதே இல்லை. பாதி நீரில் குடும்பம் நடக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு வீடுகள் பொறுப்பு என்று பொதுவாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இந்த வீடும் அடங்கிவிடுகிறது. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

கீழே சமவெளிக்கு வருவோம். சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் எங்கும் தரைக்கு அடியில் கடினப் பாறை. பாறையில் நீர் எங்கே தங்கும்? மேல்பகுதி தேய்ந்து பொடிந்திருக்கும் இடத்திலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான். ஒரு கன மீட்டர் பொடிபாறை முழுவதும் நனைந்திருந்தாலும், அதிலிருந்து கிணற்றுக்கு வடியும் நீர் சுமார் 20 லிட்டர்தான். ஆயிரத்துக்கு இருபது, அதாவது இரண்டு விழுக்காடு. நிலம் மனம்வைத்துக் கொடுக்கும் இந்தப் பங்கை ‘நீர்தரு திறன்’ எனலாம். மணற்பாங்கான ஆற்று வண்டலில் இதுவே 16 விழுக்காடு.

இந்த ஒரு சின்ன எண் ஒரு பெருக்கியைப் போல வேலை செய்கிறது. மழை போக மீதி ஆயிரம் மில்லிமீட்டர் நீரை ஓர் ஏக்கர் கரும்புக்குப் போர்க் கிணற்றிலிருந்து இறைப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு மீட்டர் ஆழ நீர். மணல் நிலமாக இருந்தால், அந்த ஏக்கரின் அடியில் நீர்மட்டம் ஆறு மீட்டர் இறங்கும். கள்ளக்குறிச்சிப் பாறையில் ஐம்பது மீட்டர். 165 அடி! அக்கம்பக்கத்து நிலத்தடியிலிருந்து நீர் ஊர்ந்து வந்து பள்ளத்தை நிரப்புவதால் அப்படியே இறங்கிவிடுவதில்லை. அந்த ஊர்தலின் பொருள் என்ன? ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் பத்து விழுக்காடு உள்ளே போனால், நூறு மில்லிமீட்டர். ஓர் ஏக்கர் கரும்பு பத்து ஏக்கரின் நிலத்தடி வரவை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பத்தில் ஒன்பது வேறு யாருடைய நிலமோ. 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் காலத்திலிருந்து, தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை எடுக்கும் உரிமை நிலக்காரருக்கு உண்டு. பாறைக்கு வரப்பு இல்லை என்பதை அந்தச் சட்டம் பார்க்கவே இல்லை.

போர் ஓடும்போது அதைச் சுற்றிலும் நீர்மட்டம் புனல் வடிவில் சரிகிறது. அதைத் ‘தாழ்வுக் கூம்பு’ என்பார்கள். இரண்டு போர்களின் கூம்புகள் ஒன்றை ஒன்று தொட்டால் இரண்டிலும் நீர் குறையும். ஒருவர் இன்னும் நூறு அடி இறக்குவார், அடுத்தவரும் இறக்குவார். ஊர்ப் பொதுவில் நிற்கும் அடி பம்பு மட்டும் இறங்க முடியாது. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோவை வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு, உலகமெங்கும் பரவிய ‘இந்தியா மார்க் 2’ பம்பு அது. கைவலுவால் ஏறக்குறைய 50 மீட்டர்வரைதான் இழுக்கும். நீர்மட்டம் அந்தக் கோட்டைத் தாண்டிய நாளில், அதிகம் எடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. மிகக் குறைவாக எடுத்த வீட்டின் குடம் காலியாகிறது.

மோட்டாரின் இயற்பியலும் இதற்குத் துணை போகிறது. 5 குதிரைத்திறன் மோட்டார், நாற்பது விழுக்காடு திறனில், 30 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு ஐந்து லிட்டர் தூக்கும். மணிக்கு 18,000 லிட்டர். ஓர் ஆள் ஓராண்டு வீட்டில் புழங்கும் நீர் ஒன்றேகால் மணிக்குள் மடையில் வந்துவிடும். நீர்மட்டம் 90 மீட்டருக்கு இறங்கினால் அதே மின்சாரத்துக்கு அதே மோட்டார் ஆறாயிரம் லிட்டர்தான் கொடுக்கும். மின்கட்டணம் கட்டுபவராக இருந்தால் அந்த இடத்தில் யோசிப்பார். தமிழகத்தில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். கடன் சுமையில் இருந்த உழவருக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீர் எவ்வளவு கீழே போனது என்பதை விலையாக வந்து சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்படியானால் விவசாயிதான் குற்றவாளியா? அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். கரும்புக்கு விலையை மத்திய அரசு முன்னரே அறிவிக்கிறது. ஆலையில் பதிவு செய்தால் வெட்டுவதற்கு ஆள், ஏற்றிப்போக லாரி, வாங்க ஓர் ஆலை வாசல். பணம் தாமதமாகலாம், ஆனால் விளைந்தது வீணாகாது. இதே மண்ணில் மரவள்ளியும் விளைகிறது. காற்று வறண்டவுடன் இலைத்துளைகளை இறுக்க மூடிக்கொள்ளும் அற்புதமான செடி அது. தாங்காவிட்டால் இலைகளை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும், மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும். அதன் விலை சேலம், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளின் சந்தையோடு ஏறி இறங்குகிறது. கல்வராயன் மேல் விளையும் சாமைக்கு மழையே போதும். போர் வேண்டாம், மோட்டார் வேண்டாம். கரும்புக்கு இருப்பது போன்ற நிச்சயமான வாசல்தான் அதற்கு இல்லை. எது நிச்சயமோ அதை நடுகிறார் விவசாயி. குடும்பம் உள்ள யாரும் அதையே செய்வார்கள்.

சொட்டுநீர்ப் பாசனம் வந்தால் சரியாகிவிடுமா? சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் தமிழக அரசு தருகிறது. ஐந்தடி இடைவெளியில் நட்டு, வேர்ப்பக்கம் மட்டும் நனைத்தால், வாய்க்கால் பாய்ச்சலைவிட நீர் வெகுவாகக் குறையும். அதில் ஒரு நுட்பம் உண்டு. வாய்க்காலில் ‘வீணான’ நீரில் ஒரு பகுதி கீழே இறங்கிப் பாறைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவது சேமிப்பு ஆகாது. மிச்சமான நீரில் இன்னும் அரை ஏக்கர் நட்டுவிட்டால், அவ்வளவும் இலை வழியாக வானத்துக்குப் போய், நிலத்தடி முன்னைவிட மோசமாகும். உணவு வேளாண்மை அமைப்புக்காக 2017ல் பல நாடுகளின் அனுபவத்தைத் தொகுத்த அறிக்கை இதைத்தான் சொன்னது. கருவி மட்டும் போதாது, எடுப்புக்கு ஒரு வரம்பும் வேண்டும்.

பஞ்சாப் 2018ல் வேறொரு வழியைச் சோதித்தது. இலவச மின்சாரத்தை நிறுத்தவில்லை. திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் அளவு ஒதுக்கி, அதில் பயன்படுத்தாமல் விட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் போட்டது. கள்ளக்குறிச்சியில் 90 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கும் ஓர் ஏக்கர் கரும்பை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆயிரம் மில்லிமீட்டர் பாய்ச்ச ஏறக்குறைய 2,500 யூனிட் ஆகும். நாற்பது விழுக்காடு குறைத்தால் ஆயிரம் யூனிட் மிச்சம், கையில் 4,000 ரூபாய். நிலத்தடியில் தங்கும் நீர் 16 லட்சம் லிட்டர், எண்பது பேரின் ஓராண்டு வீட்டுத் தேவை. பாய்ச்சல் குறைவில் பாதிதான் உண்மையான மிச்சம் என்று கறாராக வைத்தாலும் நாற்பது பேர். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் செலவில் பாறைக்குள் நீரைத் தங்கவைக்கலாம். அந்த நீரில் இன்னும் அரை ஏக்கர் நட்டால் யூனிட் ஓடும், பணம் போய்விடும். அதனால் சொட்டுநீரால் தீராத சிக்கலும் இதில் அடைபடுகிறது. இதற்கு முதலில் வேண்டியது, விவசாய மோட்டார்களில் பெரும்பாலும் இதுவரை பொருத்தப்படாத ஒரு மின் மீட்டர்.